‘எக்ஸெப்ட்’ என்னும் சொல்லை அறிந்து ஆளுதல்

(ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இது இராமாநுசர் அவதரித்த வட்டாரம். தமக்கு மறைவாகச் சொல்லப்பட்ட மந்திரத்தின் பொருளை, ஒருவரையும் விலக்காமல் ஊரார் அனைவருக்கும் திருக்கோட்டியூரில் எடுத்துரைத்தவர் அவர் என்று வழிவழியாகக் கூறுவார்கள். அப்பெரியவர் பிறந்த மண்ணில் நின்றுகொண்டு விலக்குதலைக் குறிக்கும் ஒரு சொல்லைப் பற்றிப் பேசவேண்டிய கடமை எனக்கு வாய்த்திருக்கிறது. இத்தகைய கூட்டங்களில் விதை, உரம், ஏரி மராமத்து, கறவை மாடு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றவுடன், இது பள்ளிப் பிள்ளைகளுக்குரிய பாடமாயிற்றே என்று தாங்கள் நினைக்கக்கூடும். பாடம் பிள்ளைகளுக்குரியதே, ஆயினும் அதன் பலன் தங்கள் நிலத்தையும் தங்கள் ஊராட்சியின் பணத்தையும் சார்ந்தது.

கடந்த முப்பது ஆண்டுகளில் இவ்வட்டாரம் அடைந்துள்ள மாறுதலை நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை எழுந்தது. 2010 ஆம் ஆண்டில் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் கார்த் தொழிற்சாலையும், 2012 இல் டைம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. பின்னர் வல்லம், வடகால் பக்கமும் தொழிற்பேட்டை விரிந்தது. 2006 இல் தொடங்கி 2014 இல் மூடப்பட்ட நோக்கியா தொழிற்சாலையைப் போல, வந்து போனவையும் உண்டு. தொழிற்சாலைகளோடு காகிதங்களும் கிராமத்திற்கு வந்துசேர்ந்தன. நில எடுப்பு அறிவிப்பு, கிரயப் பத்திரம், வேலை நியமனக் கடிதம், ஒப்பந்தப் புள்ளி என்று பலவகைக் காகிதங்கள். அவற்றுள் பலவற்றில் ஆங்கிலம் இருக்கிறது. அந்த ஆங்கிலத்தில் பெரிய சொற்களைக் கண்டு நாம் அஞ்சி, அறிந்தவரிடம் கேட்கிறோம். சிறிய சொற்களைக் கேளாமல் விட்டுவிடுகிறோம். அப்படி விட்டுவிடுகிற சிறு சொற்களில் தலையாயது ‘எக்ஸெப்ட்’ என்பது.

தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு

இந்தச் சொல்லுக்கு ‘தவிர’ என்று பொருள் சொல்லிக்கொடுப்பார்கள். அது சரியே, ஆனால் பாதிதான் சரி. காரணம் யாதெனில், நமது ‘தவிர’ இரண்டு வேலைகளைச் செய்கிறது.

“தலைவரைத் தவிர எல்லா உறுப்பினர்களும் வந்தார்கள்” என்று சொன்னால், தலைவர் வரவில்லை என்பது வெளிப்படை. “தலைவரைத் தவிர ஆறு உறுப்பினர்கள் வந்தார்கள்” என்று சொன்னாலோ, தலைவர் வந்தாரா இல்லையா? தலைவரும் வந்தார், அவரோடு மேலும் அறுவர் வந்தனர் என்றும் கொள்ளலாம். தலைவர் வரவில்லை, மற்ற அறுவர் வந்தனர் என்றும் கொள்ளலாம். பேச்சில் குரலும் முகமும் நமக்குப் பொருளைக் காட்டிவிடுகின்றன. காகிதத்திற்குக் குரலும் இல்லை, முகமும் இல்லை.

ஆங்கிலத்தில் இவ்விரண்டு வேலைக்கும் இரண்டு தனிச் சொற்கள் உள்ளன. கழிப்பதற்கு ‘எக்ஸெப்ட்’; கூட்டுவதற்கு ‘பிசைட்ஸ்’. களத்தில் நெல் குவிந்திருக்கிறது. அக்குவியலிலிருந்து ஒரு மரக்கால் அள்ளி அப்பால் வைத்தால் அது ‘எக்ஸெப்ட்’. வெளியிலிருந்து ஒரு மரக்கால் கொண்டுவந்து குவியலோடு சேர்த்தால் அது ‘பிசைட்ஸ்’. இரண்டையும் நாம் ‘தவிர’ என்றே சொல்லிப் பழகியிருப்பதால், ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் மற்றொன்றை வைத்துவிடுகிறோம்.

இதனால் விளையக்கூடிய நஷ்டத்திற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். நிலம் எடுக்கப்படும் ஒரு விவசாயி மனு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். “எனது வீட்டைத் தவிர, கிணறு, இருபது தென்னை மரங்கள், மோட்டார் அறை ஆகியவற்றிற்கும் இழப்பீடு வழங்கவேண்டும்” என்கிறார். அவர் கருதுவது வீட்டிற்கும் வேண்டும், மற்றவற்றிற்கும் வேண்டும் என்பதே. இம்மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தருபவர் அவ்விடத்தில் ‘எக்ஸெப்ட்’ என்று எழுதிவிட்டால், வீட்டிற்கு இழப்பீடு வேண்டாம் என்று விவசாயியே கையொப்பமிட்டதாகிவிடும். ஒரு சொல்லால் ஒரு வீடு மனுவிலிருந்து வெளியேறிவிடுகிறது.

ஆகவே, தமிழில் எழுதும்போதே தெளிவாக எழுதுவது முதற்காரியம். கழிப்பதற்கு ‘நீங்கலாக’ என்று எழுதுங்கள். “வீடு நீங்கலாக” என்றால் அதில் இரு பொருளுக்கு இடமில்லை. கூட்டுவதற்கு ‘அன்றியும்’, ‘அதோடு கூட’ என்று எழுதுங்கள். “வீட்டிற்கும், அதோடு கூடக் கிணற்றிற்கும்” என்றால் எவரும் மாற்றிப் பொருள் கொள்ள இயலாது.

சொல்லை வைக்கும் முறை

இனி ஆங்கில வாக்கியத்தில் இச்சொல் அமையும் முறையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

முதலாவது, முழுமை ஒன்று முன்னே நிற்கவேண்டும். ‘எல்லாம்’, ‘ஒவ்வொன்றும்’, ‘எவரும் இல்லை’, ‘முழுவதும்’ என்பன போன்ற சொல் இருந்தால்தான் அதிலிருந்து ஒன்றைக் கழிக்கமுடியும். “ஆல் த மெம்பர்ஸ் எக்ஸெப்ட் ஒன்” என்றால் ஒருவர் நீங்கலாக அனைவரும் என்பது பொருள். முழுமை இன்னதென்று சொல்லாத வாக்கியத்தில் ‘எக்ஸெப்ட்’ வந்தால், எதிலிருந்து கழிக்கிறீர்கள் என்று உடனே கேட்கவேண்டும்.

இரண்டாவது, வாக்கியத்தின் தொடக்கத்தில் விலக்கப்படும் பொருளை வைப்பதானால் ‘எக்ஸெப்ட் ஃபார்’ என்று எழுதுவதே முறை. அங்ஙனமே, விலக்கப்படுவது வேறு இனமாக இருக்கும்போதும் ‘ஃபார்’ சேரும். “சாலை நன்றாக இருக்கிறது, இரண்டு மதகுகள் நீங்கலாக” என்னும்போது, மதகு சாலைகளுள் ஒன்று அன்று. சாலையைப் பற்றிய பொதுக்கூற்றிலிருந்து ஒரு குறையை எடுத்துக் காட்டுகிறோம். அங்கே ‘எக்ஸெப்ட் ஃபார்’ என்பதே பொருந்தும்.

மூன்றாவது, நாள், இடம், வழி ஆகியவற்றைக் குறிக்கும்போது அவற்றிற்குரிய சிறு சொல்லையும் உடன் எழுதவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கலாக என்பதற்கு ‘எக்ஸெப்ட் ஆன் சண்டேஸ்’ என்று வரும். சட்டத்தின் வழியாகவன்றி என்பதற்கு ‘எக்ஸெப்ட் பை லா’ என்று வரும்.

நான்காவது, என்னைத் தவிர என்பதற்கு ‘எக்ஸெப்ட் மீ’ என்பதே வழக்கு. ‘எக்ஸெப்ட் ஐ’ என்பது பிழை. இதை நினைவில் வைப்பது தமிழருக்கு எளிது. ‘தவிர’ என்னும் சொல்லும் ‘நான்’ என்பதை ஏற்காமல் ‘என்னை’ என்பதையே ஏற்கிறதன்றோ?

ஐந்தாவது, நிபந்தனையைச் சொல்லும்போது ‘எக்ஸெப்ட்’ பயன்படாது. “கையொப்பமிட்டாலன்றிப் பணம் கிடைக்காது” என்னும் இடத்தில் ‘அன்லெஸ்’ என்ற சொல் வேண்டும். “ரசீது இல்லாமல் பணம் தராதே” என்னும் இடத்தில் ‘வித்தவுட்’ என்ற சொல் வேண்டும். ஒன்று நிபந்தனை, மற்றொன்று இன்மை. ‘எக்ஸெப்ட்’ என்பதோ கழித்தல். மூன்றும் வேறு வேறு.

ஆறாவது, காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும் வேறொரு சொல் இருக்கிறது. ‘அக்ஸெப்ட்’ என்றால் ஏற்றுக்கொள்ளுதல். ஒன்று கதவுக்கு வெளியே நிறுத்துவது. மற்றொன்று உள்ளே வரவேற்பது. காதால் கேட்டு எழுதுகிறவர் எழுத்தை மாற்றிவிட்டால், விலக்கவேண்டியதை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். கையொப்பமிடும் முன் இச்சொல்லின் முதலெழுத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

‘எக்ஸெப்ட்’டின் உறவுச் சொற்களையும் அறிந்துகொள்ளவேண்டும். ‘எக்ஸ்க்ளூடிங்’, ‘அதர் தேன்’, ‘சேவ்’ ஆகியவை ஏறக்குறைய அதே வேலையைச் செய்கின்றன. ‘பட்’ என்ற சொல் ‘ஆனால்’ என்று நாம் படித்தது. ‘ஆல் பட் டூ’ என்னும் இடத்தில் அதுவே ‘இரண்டு நீங்கலாக எல்லாம்’ என்று பொருள்படும்.

பெருங்கதவும் திட்டிவாசலும்

இச்சொல்லின் பெருமையைக் காணவேண்டுமானால் நமது அரசியல் சட்டத்தைப் பார்க்கவேண்டும். 265 ஆம் ஷரத்து, சட்டத்தின் அதிகாரத்தினாலன்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது. அங்கே ஆங்கிலத்தில் இருப்பது ‘எக்ஸெப்ட்’. 300-ஏ ஷரத்து, சட்டத்தின் அதிகாரத்தினாலன்றி எவரையும் அவருடைய சொத்திலிருந்து நீக்கக்கூடாது என்கிறது. அங்கே இருப்பது ‘சேவ்’. சொத்து பற்றிய இந்த ஷரத்து 1978 ஆம் ஆண்டின் 44 ஆவது திருத்தத்தினால் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் சொத்துரிமை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக இருந்தது. ‘சேவ்’ என்றால் சேமித்தல் என்றுதான் நம்மில் பலர் அறிவோம். சட்டத்தில் அது விலக்கைக் குறிக்கும் சொல்.

கோயிலின் பெருங்கதவைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். இரவில் பெருங்கதவு சாத்தியிருக்கும். அக்கதவிலேயே ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத் திட்டிவாசல் ஒன்று இருக்கும். மேற்கண்ட இரு ஷரத்துக்களின் அமைப்பும் அதுவே. ‘கூடாது’ என்பது சாத்திய பெருங்கதவு. ‘எக்ஸெப்ட்’டும் ‘சேவ்’வும் அதிலுள்ள திட்டிவாசல். ‘இல்லை’ என்ற சொல்லுக்குப் பின் ‘எக்ஸெப்ட்’ வந்தால், இந்த ஒரு வழியே வழி, வேறு வழி இல்லை என்று பொருள். ஆகவே தங்கள் நிலத்தைக் குறித்து ஓர் அறிவிப்பு வருமானால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் வருகிறது என்று கேட்பது தங்கள் உரிமை. அதே போல, ஊராட்சி ஒரு வரியையோ கட்டணத்தையோ விதிக்கும்போது எந்தச் சட்டத்தின்கீழ் என்று பொதுமக்கள் கேட்டால், அதற்கு விடை கூறுவது உறுப்பினர்களின் கடமை.

விலக்கிற்குள் விலக்கு

நில எடுப்பைப் பற்றிப் பேசும்போது 2013 ஆம் ஆண்டின் மத்திய சட்டத்தைப் பலரும் குறிப்பிடுகிறார்கள். அது 2014 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. சமூகத் தாக்க மதிப்பீடு, சிலவகைத் திட்டங்களுக்கு நில உடைமையாளர்களின் சம்மதம் முதலான ஏற்பாடுகள் அதில் உள்ளன. அந்தச் சட்டத்தைப் பத்திரிகையில் படித்துவிட்டு, நமது வயலுக்கும் அவையெல்லாம் பொருந்தும் என்று முடிவு செய்துவிடலாகாது. ஏனெனில் அதிலும் ஒரு விலக்கு இருக்கிறது.

தமிழ்நாட்டில் தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுப்பதற்கு 1997 ஆம் ஆண்டின் பெயரைத் தாங்கிய தனிச் சட்டம் உண்டு. 2013 சட்டத்தில் தமிழ்நாடு 105-ஏ என்னும் பிரிவைச் சேர்த்தது. ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்காக நிலம் எடுக்கும் 1978 சட்டம், மேற்சொன்ன தொழில் நோக்கச் சட்டம், 2001 ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் மத்திய சட்டம் பொருந்தாது என்று அப்பிரிவு விலக்கியது. ஆயினும், இழப்பீட்டை நிர்ணயித்தல், மறுவாழ்வு, மறுகுடியமர்வு ஆகியவை பற்றிய விதிகள் அம்மூன்றுக்கும் பொருந்தச் செய்யவேண்டும் என்ற ஏற்பாடும் உடன் இருந்தது. இது விலக்கிற்குள் விலக்கு. முதல் விலக்கு தங்கள் நிலத்தை மத்திய சட்டத்திற்கு வெளியே நிறுத்துகிறது. இரண்டாம் விலக்கு, இழப்பீட்டைப் பொறுத்தமட்டில் மீண்டும் உள்ளே அழைக்கிறது. முதலாவதை மட்டும் படித்தவர் தமக்கு ஒன்றுமே கிடையாது என்று மனந்தளர்வார். இரண்டாவதை மட்டும் படித்தவர் எல்லாம் உண்டு என்று ஏமாறுவார். இரண்டையும் படித்தவரே உள்ளதை அறிவார்.

இந்த விலக்கு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு நீதிமன்ற வரலாறே சான்று. 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் 105-ஏ பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் அம்மூன்று சட்டங்களுக்கும் மீண்டும் உயிரளித்து ஒரு சட்டம் இயற்றியது. 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று கூறியது.

தொழில் நோக்கச் சட்டத்தின்படி, நிலத்தை ஏன் எடுக்கலாகாது என்று காரணம் காட்டுமாறு உடைமையாளருக்கு முதலில் அறிவிப்பு வரவேண்டும். பின்னர் அரசிதழில் நில எடுப்பு அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே நிலம் அரசைச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே, சர்வே எண்களையும் அவற்றில் எவை நீங்கலாக என்பதையும் சரிபார்க்கவேண்டிய காலம், காரணம் கேட்கும் அறிவிப்பு கையில் கிடைத்த காலமே. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இவ்விஷயத்தில் பொருந்தாது.

இன்னுமோர் இடத்தையும் கவனிக்கவேண்டும். 1894 ஆம் ஆண்டின் பழைய நில எடுப்புச் சட்டத்திலும், 2013 சட்டத்திலும், ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டாலன்றி, இழப்பீட்டுத் தொகையைப் பெற்றவர் தொகையை உயர்த்தக் கோரி மேல் விசாரணைக்கு விண்ணப்பிக்க இயலாது என்ற விதி உண்டு. அங்கே ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் ‘அதர்வைஸ் தேன்’ என்பன. அவையும் விலக்குச் சொற்களே. பணம் வாங்கும்போது ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதினாரா என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் வழக்காடும் உரிமை நிற்கிறது. எந்தச் சட்டத்தின்கீழ்ப் பணம் வழங்கப்படுகிறது, அங்கே எவ்வாறு எழுதவேண்டும் என்பதை வழக்கறிஞரிடம் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுங்கள்.

பத்திரத்தில் வரும் ‘நீக்கி’

கிரயப் பத்திரத்தில் இச்சொல் ‘நீக்கி’ என்று வரும். “ஒரு ஏக்கர் நிலத்தில் 20 சென்ட் நீக்கி மீதி 80 சென்ட்” என்று எழுதுவார்கள். கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் எந்த 20 சென்ட்? சாலையை ஒட்டிய 20 சென்ட்டும் ஏரிக்கரையை ஒட்டிய 20 சென்ட்டும் விலையில் ஒன்றாகுமா? விலக்கப்படும் பகுதிக்கும் தனியே நான்கெல்லை எழுதவேண்டும். முடிந்தால் உட்பிரிவு செய்து, உட்பிரிவு எண்ணைக் குறிக்கவேண்டும்.

“சர்வே எண் 40, 41, 42 ஆகிய நிலங்கள், கிணறு நீங்கலாக” என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். இவை எடுத்துக்காட்டுக்காகக் கூறும் எண்கள். 40 இல் ஒரு கிணறும் 42 இல் ஒரு கிணறும் இருந்தால், எந்தக் கிணறு நீங்கலாக? எழுதியவருக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியும், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. மேலும், கிணற்றை மட்டும் நிறுத்திக்கொண்டு, அதற்குச் செல்லும் வழியையும் மின் இணைப்பையும் வாய்க்காலையும் எழுதாமல் விட்டால், கிணறு தமக்கும் தண்ணீர் பிறருக்கும் என்றாகிவிடும்.

இங்கேதான் நான் இன்று சொல்லவந்த கருத்தின் உயிர்நிலை இருக்கிறது. விலக்குச் சொல், பெயர் சொல்லி அழைத்தவற்றை மட்டுமே வெளியே நிறுத்தும். பெயர் சொல்லாதவை யாவும் உள்ளே போய்விடும். பேசாமல் இருந்தால் நமது பொருள் நம்மிடமே இருக்கும் என்று எண்ணுவது உலக வழக்கு. ‘எல்லாம்’ என்று தொடங்கும் காகிதத்தில் பேசாமல் இருந்தால் பொருள் போய்விடும்.

ஊராட்சி மன்றத்தில்

ஊராட்சி உறுப்பினர்கள் இக்கருத்தைச் சிறப்பாக மனத்தில் கொள்ளவேண்டும். 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகள் கிராம ஊராட்சியைச் சார்ந்தவை. ஏதேனுமொரு திட்டத்திற்காக ஊராட்சியின் கருத்து கேட்கப்படும்போது, “நீர்நிலைகள் நீங்கலாக அனைத்துப் புறம்போக்குகளும்” என்று ஒரு தீர்மானம் எழுதப்படுவதாகக் கொள்வோம். ஏரியைக் காப்பாற்றிவிட்டோம் என்று மன்றம் மகிழலாம். ஆனால் அந்தத் தீர்மானத்தில் சுடுகாடு எங்கே? களம் எங்கே? மேய்ச்சல் தரை எங்கே? ஏரியை மட்டும் பெயர் சொல்லி விலக்கியதனால், மற்றவை யாவும் ‘அனைத்து’ என்ற சொல்லுக்குள் அடங்கிவிட்டன. ஆகவே, கொடுப்பதைச் சர்வே எண்ணும் பரப்பும் குறித்து எழுதுவதே நன்று. ‘அனைத்தும்’ என்று எழுதி, சிலவற்றை நீக்குவது, வாயில்களை எல்லாம் திறந்துவிட்டு இரண்டை மட்டும் சாத்துவதற்கு ஒப்பாகும்.

ஒப்பந்தப் புள்ளிகளிலும் இச்சொல் பணத்தை மாற்றுகிறது. குழாய் வாங்குவதற்கு இருவர் விலை கூறுகிறார்கள். ஒருவர் 1,00,000 ரூபாய், வரி நீங்கலாக என்கிறார். மற்றவர் 1,12,000 ரூபாய், வரி உட்பட என்கிறார். எண்ணை மட்டும் பார்த்தால் முதல்வரே குறைவு. 18 சதவீத வரி என்று கொண்டால், முதல்வரின் விலை 1,18,000 ரூபாயாகிறது. இரண்டாமவரை ஏற்றால் ஊராட்சிக்கு 6,000 ரூபாய் மிச்சம். ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்றால் நீங்கலாக. ‘இன்க்ளூசிவ்’ என்றால் உட்பட. இவ்விரண்டு சொற்களையும் ஒவ்வோர் உறுப்பினரும் எழுத்துக்கூட்டியாவது படித்தறிதல் நலம்.

தொழிற்சாலைக்குச் செல்லும் பிள்ளைகள்

நிலத்திலிருந்து தொழிற்சாலைக்குச் சென்ற நமது பிள்ளைகளின் கையிலும் இச்சொல் இருக்கிறது. பயிற்சியாளராகச் சேரும் இளைஞருக்கு வரும் கடிதத்தில், உதவித்தொகை ‘எக்ஸெப்ட்’ வேறெந்தத் தொகைக்கும் உரிமை இல்லை என்று ஒரு வரி இருக்கலாம். ‘இல்லை’யும் ‘எக்ஸெப்ட்’டும் சேர்ந்து வந்தால் ‘மட்டும்’ என்று பொருள் என்பதை முன்னரே கண்டோம். உதவித்தொகை மட்டுமே கிடைக்கும் என்பதே அதன் கருத்து. மிகுதிநேர வேலைக்கு ஊதியம் உண்டா, போனஸ் உண்டா என்று சேர்வதற்கு முன் கேட்பதும், சேர்ந்த பின் வருந்துவதும் ஒன்றாகா. ‘எழுத்து மூலமான முன் அனுமதியுடன் அன்றி’ என்று வரும் இடத்தில், மேற்பார்வையாளரின் வாய்மொழி அனுமதி போதாது என்பதையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கவேண்டும்.

செய்யவேண்டியவை

இறுதியாக, நாம் கைக்கொள்ளத்தக்க சில வழிகளைக் கூறி அமைகிறேன்.

எந்தக் காகிதம் வந்தாலும், விலக்குச் சொல் உள்ள இடங்களை எல்லாம் பேனாவால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்திற்கும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதிலிருந்து கழிக்கிறார்கள்? எதைக் கழிக்கிறார்கள்? சொல்லாமல் விடப்பட்டது எந்தப் பக்கம் போகிறது? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை கையொப்பம் பொறுத்திருக்கட்டும்.

1956 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி தமிழ் நமது மாநிலத்தின் ஆட்சிமொழி. ஆகவே, அரசு அலுவலகத்திலிருந்து வந்த காகிதம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், தமிழ்ப் படி வேண்டும் என்று கேட்கத் தயங்கவேண்டாம். தமிழ்ப் படியில் ‘தவிர’ என்று இருந்தால், அது கழித்தலா கூட்டலா என்று கேட்டு, ‘நீங்கலாக’ என்றோ ‘உட்பட’ என்றோ தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. ஊருக்குப் பொதுவான அறிவிப்புக்களை அக்கூட்டங்களில் உரக்கப் படித்து, விலக்குகளை மட்டும் இரண்டாம் முறை படிக்கும் வழக்கத்தை ஒவ்வோர் ஊராட்சியும் மேற்கொள்ளலாம். பட்டதாரி இளைஞர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆங்கிலம் ஊராருக்குப் பயன்பட இதைவிடத் தக்க வாய்ப்பு வேறில்லை.

சந்தேகம் தீராதபோது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 1987 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் முதலானோர்க்கு வருமானத்தைப் பாராமலே இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

நமது முன்னோர் மதகுப் பலகையை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதை நன்கு அறிந்திருந்தனர். பலகை சிறியதுதான், ஆயினும் ஏரித் தண்ணீர் யாருடைய வயலுக்குப் பாய்கிறது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. காகிதத்தில் ‘எக்ஸெப்ட்’ என்னும் சொல் அத்தகைய மதகுப் பலகை. அதைப் பிறர் ஏற்றி இறக்க விட்டுவிடாமல், நாமே கைபோட்டு ஆளக் கற்றுக்கொள்வோமாக.